யாரும் உறங்காத ஆறு கட்டில்கள்

பிள்ளை மடுவங்களின் மேற்பார்வைக்கு இவ்வாண்டு நியமனம் பெற்றிருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தில் சிலவற்றை எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பக்கங்களுக்கு மேற்படக் கூடாது. ஊக்கமூட்டுவதாக இருக்க வேண்டும். இறுதியில் ஒரு புகைப்படம் இணைக்கப்பட வேண்டும் என மூன்று நிபந்தனைகளும் விதித்தார்கள். முதல் இரண்டையும் என்னால் காப்பாற்ற இயலவில்லை. மூன்றாவதைக் காப்பாற்றக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். அதன் காரணம் வாசிக்கையில் விளங்கும்.

உங்களிற் பலர் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் தங்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடமே பிள்ளை மடுவம். அங்கே ஓர் ஆயா இருப்பார். அவரை மேற்பார்வை செய்ய நாம் இருக்கிறோம். நம்மை மேற்பார்வை செய்யத் தலைமையகம் இருக்கிறது. பிள்ளையைப் பார்ப்பவர் மட்டும் இந்த வரிசையில் ஒரேயொருவர்தான் என்பதை முதல் நாளே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நான் பதுளையில் பிறந்து, பதுளையிலேயே கல்லூரிப் படிப்பை முடித்தவள். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் என் காலடி படாத மடுவம் கிடையாது. குழந்தைகளின் பாதுகாப்பான உறக்கத்தைப் பற்றிய சுற்றறிக்கையை இம்மாகாணத்துக்காகத் தமிழில் எழுதியவளும் நானே. சிறு குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அதில் குழந்தையைத் தவிர வேறெதுவும், தலையணையோ பொம்மையோ தளர்ந்த போர்வையோ, இருத்தல் ஆகாது. அந்தச் சுற்றறிக்கையில் இன்றுவரை எவரும் ஒரு குறை கண்டதில்லை. நான் சொல்ல வந்தது அதை எழுதியவளின் குறையை.

இப்பணியில் எனக்கு முன்னிருந்த அம்மையார் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி மடுவத்துக்குள் நுழைந்துவிடுவாராம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஆயாவுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்து, வெறுந்தேநீர் குடித்தபடி ஒரு மணி நேரம் எதையும் எழுதாமல் இருப்பாராம். நான் பொறுப்பேற்றபோது இது எனக்கு நாகரிகக் குறைவாகத் தோன்றியது. சொல்லாமல் கொள்ளாமல் பிறர் இடத்துக்குள் நுழைவது கல்லூரியில் படித்தவளுக்கு அழகன்று. ஆகவே ஒரு சீர்திருத்தம் செய்தேன். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னதாகவே திகதி, நேரம், நோக்கம் ஆகியவற்றைக் குறித்துத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தட்டச்சிட்ட கடிதம் ஒன்று போகும். அதன் பின்னர் நான் எந்த மடுவத்துக்குப் போய்வந்தாலும் என் சேலைக் கரையில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். துரைமாரின் இடையறாத அக்கறைக்கு அதைச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

என் படிவத்தில் இருபது வினாக்கள் இருந்தன. அவற்றுள் ஏழாவது, ‘விரிப்புகள் கறையின்றி உள்ளனவா?’ என்பது. ஆம் எனில் ஐந்து புள்ளி. கறை காணப்பட்டால் பூச்சியம். இந்த ஏழாவது வினாவை மறவாதீர்கள்.

படிவத்தோடு ஒரு மரக்கட்டையும் என்னிடம் இருந்தது. குழந்தைக் கட்டிலின் பக்கச் சட்டங்களுக்கிடையே இடைவெளி அகன்றிருந்தால் குழந்தையின் உடல் அதில் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். ஆகவே அவ்விடைவெளி ஆறு சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. பசறையில் ஒரு தச்சரைக் கொண்டு அந்த அளவைவிடச் சற்றே பெரிதாக ஒரு பலாக்கட்டை செய்வித்து, வெல்வெட் பையொன்றில் போட்டு வைத்திருந்தேன். கட்டை நுழைந்தால் கட்டில் தோல்வி, நுழையாவிட்டால் தேர்ச்சி. நான் பையைத் திறக்கும்போது துரைமார் தொப்பியைக் கழற்றுவதுண்டு. அதை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இனி அந்தத் தோட்டம். பசறைக்கு மேலே, பஸ் பல வளைவுகள் ஏறி மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கொழும்பில் குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனம் அங்குள்ள மடுவத்துக்கு ஆறு கட்டில்களை அன்பளிப்புச் செய்தது. வெள்ளை வர்ணம் பூசியவை. ஒவ்வொன்றுடனும் பிளாஸ்டிக் உறை இட்ட மெத்தை, சரிகை வைத்த தலையணை, நான்கு பக்கமும் கட்டுவதற்குப் பஞ்சு அடைத்த திண்டு, புன்னகைக்கும் துணிக்கரடி எனத் தொகுதியாக வந்து இறங்கின. கட்டிலின் காலில் தரச்சான்று ஸ்டிக்கர் இருந்தது. அச்சான்று கட்டிலுக்கு மட்டுமே உரியது, அதற்குள் திணிக்கப்பட்ட எதற்கும் உரியதன்று என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சிறிய எழுத்துகளை வாசிக்கத்தான் நமக்கு வேலை தந்திருக்கிறார்கள். அன்று நான் வாசிக்கவில்லை.

கட்டையை எடுத்து ஆறு கட்டில்களையும் அளந்தேன். எங்கும் நுழையவில்லை. பின்னர் தலையணைகளைப் பார்த்து, “இதெல்லாம் இருக்கக் கூடாது” என்றேன்.

துரை என் பக்கம் குனிந்தார். “போட்டோவுக்கு மட்டுந்தானே மிஸ். கம்பனியில செட்டாத்தான் படம் கேக்கிறாங்க. எடுத்த உடனே கழட்டிருவோம்.”

“போட்டோவுக்கு மட்டும் என்றால் சரி” என்றேன்.

இந்த ‘மட்டும்’ என்ற சொல்லைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்ளுங்கள். அந்நிறுவனம் மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் கேட்டது. மாதந்தோறும் படம் எடுப்பதென்றால் எதையும் கழற்றுவதில் பொருளில்லை அல்லவா?

அம்மடுவத்தின் ஆயா தெய்வானை. நாற்பதைக் கடந்தவர். ஒரே நேரத்தில் நால்வரைத் தூங்கவைத்து, இருவருக்குச் சோறூட்டி, முதுகுக்குப் பின்னால் ஒருவன் கதவைத் திறப்பதைத் திரும்பிப் பாராமலே அதட்டக்கூடியவர். என் வகுப்புகளில் பின்வரிசையில் அமர்வார். குறிப்பு எடுக்க மாட்டார். கவனிப்பதில்லை என்று எண்ணியிருந்தேன்.

கட்டில்கள் வந்த பிறகு நடந்த முதற்பரிசோதனையில், மூன்றாவது கட்டிலின் விரிப்பில் உள்ளங்கையளவு மஞ்சள் கறை ஒன்று இருந்தது.

“இது என்ன?”

“புள்ள மூத்திரம் மிஸ்.”

“அது தெரியுது. ஏன் இருக்குதுனு கேக்கிறேன்.”

“புள்ள இருக்குது மிஸ்.”

நான் பேனாவைத் திறந்து ஏழாம் வினாவுக்கு எதிரே பூச்சியம் இட்டேன். தெய்வானை பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கழுவித்தான் மிஸ் போட்டேன். பத்து நாளா மழ. இங்க வெயில கண்ணுல கண்டாத்தானே காயும்?”

“காரணம் எழுத போர்ம்ல இடம் இல்ல” என்றேன்.

பணிக்காலத்தில் நான் பேசிய வாக்கியங்களுள் இதைக் காட்டிலும் துல்லியமானது வேறில்லை. உண்மையாகவே இடம் இருக்கவில்லை. அந்த ஐந்து புள்ளிக்காக மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் அந்தக் களத்தில், எல்லோருக்கும் முன்பாகத் துரை தெய்வானையை வைதார் என்பதை வெகு காலத்துக்குப் பின்னரே அறிந்தேன்.

அதன் பிறகு அம்மடுவம் அப்பழுக்கற்றதாயிற்று. நான் எப்போது சென்றாலும் ஆறு வெள்ளைக் கட்டில்கள், ஆறு வெள்ளை விரிப்புகள், ஆறு கரடிகள். ஒரு சுருக்கம் இராது. முற்பகல் பத்து மணிக்குச் சென்றாலும் கட்டிலில் குழந்தை இராது.

“கைப்புள்ளைங்க எங்க?”

“அம்மாமாரு பாலு குடுக்கத் தூக்கிட்டுப் போயிருக்காங்க மிஸ்.”

ஒவ்வொரு முறையும் இதே விடை. ஊவா மாகாணத்திலேயே மிகச் சிறந்த முறையில் தாய்ப்பால் அருந்தும் குழந்தைகள் அத்தோட்டத்தில் உள்ளன என்று அறிக்கையில் குறித்தேன். கூரையின் குறுக்குமரத்தில் கயிறு தேய்த்த தடங்கள் வரிசையாக இருப்பதையும் கண்டேன். கண்ணில் குறையில்லாதவள் நான்.

“அது என்ன தடம்?”

“வாழக்கொல தொங்கவிடுறது மிஸ். புள்ளைங்களுக்குக் குடுக்க.”

போசாக்கு என்னும் தலைப்பின் கீழ் அதற்கும் இரண்டு புள்ளி வழங்கினேன்.

அம்மடுவத்துக்குச் சிறந்த மடுவத்துக்கான கேடயம் கிடைத்தது. அதைப் பற்றி அலுவலகச் செய்திமடலில் நான் எழுதிய கட்டுரை நன்றாக அமைந்திருந்ததாகப் பலரும் சொன்னார்கள். இப்போது எடுத்து வாசித்தாலும் நடை நன்றாகத்தான் இருக்கிறது.

கேடயத்தைக் கையளிக்க அந்நிறுவனத்தின் முகாமையாளரே வருவதாக ஏற்பாடாயிற்று. படப்பிடிப்பாளரும் வருவார், தங்களுடைய புதிய விளம்பர ஏட்டுக்குக் கட்டில்களில் குழந்தைகள் உறங்கும் படம் தேவை என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். விழாவில் எல்லாம் என் மேற்பார்வையில் நடந்தன என்று பிற்பாடு சொல்லப்பட வேண்டும் என்பது என் விருப்பம். பின்னர் அப்படித்தான் சொல்லப்பட்டது.

மழை விடாமல் பெய்தது. பசறைப் பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்து, வாகனங்கள் நின்றுவிட்டன. பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. இதற்குள் பால் குடித்து உறங்கத் தொடங்கிய ஆறு கைக்குழந்தைகளையும் கட்டில்களில் கிடத்தச் சொன்னேன். அக்கட்டில்களில் குழந்தைகளை நான் பார்த்தது அன்றுதான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தெய்வானை மூன்றாவது கட்டிலருகே தயங்கி நின்றார். அதில் இருந்தது ரஞ்சனி என்னும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள். நான்கு மாதக் குழந்தை.

“மிஸ், தலகாணிய எடுத்துறட்டுமா? நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க, புள்ள பக்கத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுனு.”

பின்வரிசையில் குறிப்பெடுக்காமல் இருந்தவர் ஒரு சொல் பிசகாமல் என் சுற்றறிக்கையை எனக்கே ஒப்புவித்தார். நான் எழுதியதை மீற எனக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன் போலும்.

“இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்.”

“இது நேத்துத்தான் மிஸ் குப்புற விழுந்துச்சு. இப்ப இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு உருண்டுக்கிட்டே கெடக்குது.”

“சந்தோஷம். ரஞ்சனிகிட்ட நான் வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க.”

அவர் எனக்கு நற்செய்தி சொல்லவில்லை, எச்சரிக்கை செய்தார். என் காது வாகன ஒலிக்காகக் காத்திருந்தது.

ஒரு மணியளவில் ஹோர்ன் கேட்டது. துரை குடையுடன் ஓடினார். மடுவத்தின் வெளிவாசல் கேற்றடியில் சந்தனம் குங்குமத் தட்டுடன் ஆயா நிற்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரலில் நானே எழுதியது.

“வாங்க தெய்வானை. தட்டை எடுத்துக்கிட்டு வாங்க.”

“யாராச்சும் ஒருத்தர் உள்ளுக்கு இருக்கணும் மிஸ்.”

“அஞ்சு நிமிஷம். எல்லாம் தூங்குது.”

“தூங்குறதாலதான் மிஸ் சொல்றேன்.”

“நான் சொல்றேன். வாங்க.”

அவர் வந்தார். ஆயாமார் வருவார்கள். நாம் ‘நான் சொல்கிறேன்’ என்று சொன்னால் வரத்தான் செய்வார்கள். நம் பதவியில் உள்ள ஆபத்தே இதுதான்.

கேற்றடியில் முகாமையாளர் குடைக்கு அடியில் நின்றபடியே பேச்சைத் தொடங்கிவிட்டார். குழந்தையின் பாதுகாப்பான உறக்கமே தங்கள் நிறுவனத்தின் உயிர்மூச்சு என்றார். துரை கைதட்டினார். ஐந்து நிமிடம் பத்தாயிற்று. மடுவத்திலிருந்து மெல்லிய சிணுங்கல் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அதுவும் கேட்கவில்லை.

“மிஸ், சத்தம் நின்னுபோச்சு” என்று தெய்வானை என் காதோரம் சொன்னார்.

“தூங்கிருச்சு” என்றேன்.

அவர் கையிலிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். குங்குமம் முகாமையாளரின் வெள்ளைக் காற்சட்டையில் முழங்கால்வரை தெறித்தது.

நானும் பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதை உண்மையாகச் சொல்கிறேன். அவரைக் கண்டிக்கவே ஓடினேன்.

மூன்றாவது கட்டிலில் குழந்தை குப்புறக் கிடந்தது. முகம் சரிகைத் தலையணைக்கும் பக்கத்துத் திண்டுக்கும் இடையில் புதைந்திருந்தது. விரிப்பு வழுக்கி ஒதுங்கிப்போக, மெத்தையின் பிளாஸ்டிக் உறை ஈரக் கன்னத்தில் ஒட்டியிருந்தது. மெத்தை அழுக்காகாமல் இருப்பதற்காக அந்த உறையை யாரும் கழற்றியிருக்கவில்லை. தெய்வானை குழந்தையை வாரி எடுத்துத் தன் முன்கையில் கிடத்தினார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவர் முதுகைத் தேய்த்தார், உள்ளங்கால்களைச் சுண்டினார்.

“எந்திரிடி ராசாத்தி. எந்திரிடி. ஒங்கம்மா மலையில இருக்கா. எந்திரிடி...”

நான் வெல்வெட் பையைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே என் கட்டை இருந்தது. அக்கட்டிலின் எந்த இடைவெளியிலும் அது நுழையாது.

ஒரு விக்கல் கேட்டது. பின்னர் அழுகை. அக்குழந்தை அழுத அழுகை கேற்றடியில் நின்றிருந்த துரைக்கும் கேட்டது. அவர் முகாமையாளரிடம், பிள்ளைகள் வரவேற்கிறார்கள் என்றாராம்.

மலையிலிருந்து ரஞ்சனியை அழைத்து வந்து, அந்நிறுவனத்தின் வாகனத்திலேயே தாயையும் பிள்ளையையும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு, காலையில் பழுதில்லை என்று வீட்டுக்கு விட்டார்கள். ஏனைய தாய்மாரும் ஓடிவந்து தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படப்பிடிப்பாளர் வந்த வேலையைச் செய்தார். ஆறு கட்டில்கள், ஆறு கரடிகள், ஒரு குழந்தையும் இல்லை. மிக நேர்த்தியான படம். நம் அலுவலகத்தின் சுவரில் இன்னமும் தொங்குகிறது. இக்கட்டுரைக்கு இணைக்கும்படி கேட்டதும் அதைத்தான்.

மறுநாள் துரை தன் அறைக்கு அழைத்தார்.

“மிஸ், ரிப்போட்ட சுருக்கமாப் போட்டிருவோம். புள்ள தனியா இருந்த நேரம் ஆயா எடத்துல இல்ல. உண்மைதானே?”

உண்மைதான். தெய்வானையின் வேலை போய்விடும் என்பதும் உண்மை. துரைக்கும் நிறுவனத்துக்கும் எனக்கும் ஒரு கீறலும் விழாது என்பதும் உண்மை. அங்கேயே அமர்ந்து எழுதினேன்: ‘சம்பவம் நிகழ்ந்த வேளையில் கவனிப்பாளர் பணியிடத்தில் இருக்கவில்லை.’ இந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு பொய்யும் இல்லாமல் ஒருவரைக் கவிழ்க்க முடியும் என்பதைக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன்.

கையொப்பம் இடுமுன் தாயின் வாக்குமூலம் பெற வேண்டும் என்பது விதி. விதியை நான் மீறுவதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். ரஞ்சனி வாசற்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் தெய்வானை கஞ்சிக் கோப்பையுடன் நின்றார்.

“மிஸ், ஆயா எம்புள்ளைய தனியா விட்டுட்டுப் போயிட்டாங்கனு தொர சொல்றாரு” என்றாள் ரஞ்சனி. “ஆயா அப்பிடிப் போக மாட்டாங்க மிஸ். எங்கண்ணனோட மூணு புள்ளைங்களயும் இவங்கதான் பாத்தாங்க. யாரு சொல்லிப் போனாங்கனு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க.”

தெய்வானை கோப்பையை ஊதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் முழுவதும் அவர் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். மறுப்பதற்கான சொற்களை வழியிலேயே தயாரித்து வைத்திருந்தேன். சொல்லாததனால் அவை பயன்படாமற் போயின.

“நான்தான் போகச் சொன்னேன்” என்றேன்.

ரஞ்சனி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“அப்ப அத எழுதுங்க மிஸ்.”

அங்கேயே, படியில் அமர்ந்து, துரையின் அறையில் எழுதிய தாளின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினேன். எழுதியபடி தெய்வானையிடம் கேட்டேன்:

“இவ்வளவு நாளா புள்ளைங்க எங்க தூங்குச்சு?”

“சீலத் தொட்டில மிஸ். நீங்க வர்ற அன்னைக்கு அவுத்துருவோம். அம்மாமாரும் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு லயத்துக்குப் போயிருவாங்க.”

“கட்டில்ல ஏன் போடல?”

“கறபட்டா அஞ்சு மார்க்குப் போயிரும்ல மிஸ்.”

“அந்த வாழைக்குலை?”

“அது ஒங்க போர்முக்கு மிஸ்” என்றார். ரஞ்சனி சிரித்துவிட்டாள். அந்த இரு நாட்களில் அவள் சிரித்தது அதுதான் முதற்தடவை. என் செலவில் சிரித்தாள் என்பதால் நான் குறுக்கிடவில்லை.

சேலைத் தொட்டிலை இங்கே நான் உயர்த்திப் பேசவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆழமாகத் தொங்கும் சேலையில் குழந்தையின் தாடை மார்பில் ஒடுங்கி மூச்சு தடைப்படலாம். துணி முகத்தில் விழலாம். வெறுங்கட்டிலே சிறந்தது. வெறுங்கட்டில் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஆயினும் அந்தத் தொட்டில்களுக்குப் பக்கத்தில் எப்போதும் தெய்வானை இருந்தார். என் கட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்தது கரடி.

அறிக்கையை, ‘எனது நேரடி உத்தரவின் பேரில் கவனிப்பாளர் வெளியேறினார், தலையணைகளை அகற்ற அவர் அனுமதி கேட்டபோது நான் மறுத்தேன்’ என்று முடித்துக் கையொப்பமிட்டு அனுப்பினேன். தலைமையகத்திலிருந்து விளக்கம் கோரிக் கடிதம் வந்தது; என் பணிக்கோப்பில் அவ்வகையில் உள்ள ஒரே கடிதம் அது. எனக்குக் கிடைக்கவிருந்த பணி நீடிப்பு கிடைக்கவில்லை. கேடயத்தை மெருகூட்டித் தருவதாக எடுத்துப் போனார்கள், இன்னும் மெருகூட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெய்வானைக்கு வேலை நிலைத்தது. விருந்தினரின் காற்சட்டையைப் பழுதாக்கியமைக்காக அவருக்கு வாய்மொழி எச்சரிக்கை வழங்கப்பட்டது. அதை வழங்கும் பொறுப்பு என்னிடமே தரப்பட்டது. வழங்கினேன். “சரிங்க மிஸ், அடுத்த தடவ கறுப்புக் கால்சட்டையா பாத்துப் போடுறேன்” என்றார்.

அடுத்த வாரம் கடிதம் போடாமல் அந்த மடுவத்துக்குப் போனேன். இருவருமாக அமர்ந்து மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம், திண்டுகளை அவிழ்த்தோம், கரடிகளை ஜன்னலுக்கு மேலுள்ள தட்டில் ஏற்றினோம். தலையணைகளில் ஒன்றைத் துரைக்கு அனுப்பலாம், அவர் நன்றாகத் தூங்குகிறவர் என்று தெய்வானை யோசனை சொன்னார். நான் தடுத்தேன். சற்றுத் தாமதமாகவே தடுத்தேன்.

“குளிருக்கு என்ன மிஸ் செய்றது? பனி இறங்குனா சும்மா போட முடியாது.”

அவர் கேட்டது நியாயம். என் சுற்றறிக்கை பசறை மலையின் பனியை அறியாத எவரோ எழுதியதன் தமிழாக்கம். பழைய கம்பளிகளை வெட்டி, கழுத்திலிருந்து பாதம்வரை பைபோலத் தைத்து, கைகள் மட்டும் வெளியே இருக்கும்படி போடலாம், தலைக்கும் முகத்துக்கும் துணி வராது என்று முடிவு செய்தோம். தைத்தவர் ரஞ்சனி. இன்று மாகாணமெங்கும் நீங்கள் வழங்கும் உறக்கப் பை அதுதான். தலைமையகத்தின் கண்டுபிடிப்பு என்று உங்கள் பயிற்சிக் குறிப்பில் இருக்கிறது.

அன்று மாலை பதுளைக்குத் திரும்பியதும் என் வரவேற்பறை நாற்காலிகளைப் பார்த்தேன். வாங்கிய நாள் முதல் அவற்றின் பிளாஸ்டிக் உறையை நான் கழற்றியதில்லை. வருகிறவர்கள் வியர்த்து, ஒட்டிக்கொண்டு எழுவார்கள். கத்தரிக்கோலை எடுத்து அவற்றையும் வெட்டினேன். நாற்காலிகளின் உண்மையான நிறத்தை அன்றுதான் கண்டேன்.

ஓய்வு பெறுமுன் படிவத்தின் ஏழாம் வினாவை நானே திருத்தி எழுதினேன். ‘விரிப்பில் கறை உண்டா? உண்டு எனில் ஐந்து புள்ளி. இல்லையெனில், ஏன் என்று விசாரிக்கவும்.’ தலைமையகத்தில் இதைத் தட்டச்சுத் தவறு என்று கருதிப் பழையபடி மாற்றி அச்சிட்டுவிட்டார்கள். உங்கள் கையில் இருப்பது அந்தப் படிவம். அதைப் பற்றி நான் இருமுறை எழுதிவிட்டேன். இனி உங்கள் பாடு. வெள்ளை விரிப்பைக் கண்டால் பேனாவைத் திறக்குமுன் மெத்தையில் கையை வைத்துப் பாருங்கள். குழந்தை படுத்த இடமென்றால் சூடு இருக்கும்.

கடைசியாக அம்மடுவத்துக்குப் போனது ஓய்வு பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு. சொல்லாமல்தான் போனேன். ரஞ்சனியின் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். வந்ததும் வராததுமாக வெல்வெட் பையை என் கையிலிருந்து பறித்து, கட்டையை வெளியே எடுத்துக் கடிக்க ஆரம்பித்தாள். ஆறு கட்டில்களிலும் குழந்தைகள் மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தன. தெய்வானை என்னைக் கண்டதும் முதற்கட்டிலின் விரிப்பு ஓரத்தை அவசரமாக மடித்து மறைத்தார். சில பழக்கங்களை மாற்றுவதற்கு ஓர் அறிக்கை போதாது.

“காட்டுங்க” என்றேன்.

“இப்பத்தான் மாத்துனேன் மிஸ். மாத்துன கையோட...”

அவர் ஓரத்தை விரித்தார். உள்ளங்கையளவு மஞ்சள் கறை. இன்னும் ஈரம் காயவில்லை. நான் படிவத்தை எடுத்து, ஏழாம் வினாவுக்கு எதிரே ஐந்து என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“கறைக்கா மிஸ் மார்க்கு?”

“கறைக்குத்தான்.”

தெய்வானை மற்ற ஐந்து கட்டில்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப கொஞ்சம் பொறுங்க மிஸ். எல்லாம் பாலு குடிச்சிட்டுத்தான் படுத்திருக்குதுங்க.”

நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, தரையில் அமர்ந்து, பொறுத்திருந்தேன்.